வற்றும் பெருக்கும் இல்லாத ஏரி

1999ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு ஞாயிறு காலை ஐயாவை ஒஷாவாத் துறைமுகத்துக்குக் கூட்டிச் சென்றேன். அவர் இந்த நாட்டுக்கு வந்து அப்போது நான்கு மாதங்கள். வந்த நாளிலிருந்து யன்னலுக்கு வெளியே பனியையும் உள்ளே தொலைக்காட்சியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். லேக்வியூ பூங்காவின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். உடைந்த பனிக்கட்டிகள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. ஒஷாவா ஓடை ஏரியில் கலக்கும் வாயில், சீமெந்து மேடையொன்றில் நாலைந்து பேர் தூண்டிலோடு நின்றார்கள். ஐயா நெடுநேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு கேட்டார்: “தம்பி, இதில வத்து எத்தினை மணிக்கு?”

என்னிடம் விடை இருக்கவில்லை. “ஐயா, இது கடல் இல்லை, ஏரி” என்றேன்.

“ஏரியெண்டாலும் அக்கரை தெரியேல்லையே. இவ்வளவு தண்ணி வத்தாமல் பெருகாமல் எப்பிடிக் கிடக்கும்?”

குருநகரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது இயல்பான கேள்வி. யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் ஆழமற்றது. நீர் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் முழங்காலளவைத் தாண்டாது. ஆனால் அந்தச் சிறிய அசைவை நம்பியே களங்கட்டி வலையும் சிறகுவலையும் இருந்தன. பெருக்கோடு கரைப்பக்கம் மேய வரும் ஓராவும் ஒட்டியும் திரளியும் வற்றோடு திரும்பும்போது, தடிகளில் கட்டிய வலைச்சுவர் அவற்றைத் திருப்பிப் பட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பறுவத்துக்கும் அமாவாசைக்கும் நீரோட்டம் உரக்கும். இடைப்பட்ட நாட்களில் சோரும். அதற்குமேல் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றின் கணக்கு. எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்காக மட்டுமே இருந்தது.

ஐயாவின் கேள்விக்கு விடை தேடப்போய்ப் பொதுநூலகத்தில் ஒரு மாரிகாலம் முழுவதையும் செலவழித்தேன். அந்தத் தேடலில் கிடைத்ததே இக்கட்டுரை. மீன்பிடிப்பது எப்படி என்று சொல்வது என் நோக்கமல்ல. மீன் குறைந்தபோதெல்லாம் யார்மீது பழி விழுந்தது என்ற கேள்வியே என்னை எழுதவைத்தது. ஒன்ராறியோ ஏரியின் கரையில் அதற்குக் குறைந்தது இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. எமக்கும் அதில் ஒரு சிறிய இடம் உண்டு.

முதலில் வற்றைப் பற்றி. சந்திரனும் சூரியனும் ஏரியையும் இழுக்கத்தான் செய்கின்றன. ஆனால் பேரேரிகளில் அந்த ஏற்றவிறக்கம் 5 சென்ரிமீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஒரு சிறு காற்று அதை மறைத்துவிடும். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து சென் லோறன்ஸ் நதி வழியே ஏறிவரும் பெருக்கு கியூபெக் நகரத்தில் நான்கைந்து மீற்றர் எழும். மொன்றியலுக்கு வந்துசேருமுன்பே அடங்கிவிடும். ஒன்ராறியோ ஏரியின் நீர்மட்டமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 75 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆக, ஐயா பார்த்துக்கொண்டு நின்ற தண்ணீர், கடலளவு பரந்து கடலின் பழக்கம் எதுவுமில்லாத தண்ணீர்.

ஆனால் அதற்குள் கடல்மீன் இருந்தது.

அன்று காலையிலேயே மேடையில் நின்ற ஒருவர் வெள்ளிபோல மின்னிய மீனொன்றை வலைக்கூடையால் கோலி எடுத்தார். பக்கவாட்டில் மங்கிய இளஞ்சிவப்புக் கோடு. ரெயின்போ ட்ரவுட் என்றார். சல்மன் இனத்துக்கு நெருங்கிய உறவு என்றும் சொன்னார். நான் அதை ஐயாவுக்குத் தமிழில் சொன்னேன். “ரின்னுக்குள்ள வாற சமனோ?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். (எங்கள் ஊர்க் கடைகளில் ‘சமன் ரின்’ என்று விற்றவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் சல்மனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது வேறு கதை. தகரத்தில் ஒட்டிய பெயரை நம்பித் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறோம்.)

ஒஷாவா என்றால் எம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜெனரல் மோட்டோர்ஸ். ரொறன்ரோவில் வீட்டு வாடகை கட்டாமல் கிழக்கே நகர்ந்தவர்களுக்கு அது 401 நெடுஞ்சாலையின் ஒரு வெளிவழி. அந்தப் பெயர் ஒஜிப்வே மொழியில் கடக்கும் இடம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பர். 1842இல்தான் அது ஊர்ப்பெயராயிற்று. அதற்குமுன் ஸ்கே என்ற கடைக்காரரின் பெயரால் ஸ்கேயின் சந்தி என்றார்கள். கார் வருவதற்கு முன்பு குதிரைவண்டித் தொழிற்சாலை. அதற்கும் முன்பு ஓடைநீரால் சுழன்ற மாவாலைகளும் மரவாலைகளும். அந்த ஆலைகளிடம்தான் நாம் போகவேண்டும்.

ஏரியின் பூர்வீக சல்மன் அத்திலாந்திக் சல்மன். பனியுகத்தின் முடிவில் பெரும் பனிப்பாளங்கள் உருகியபோது, இன்றைய மொன்றியல், ஒட்டாவாப் பகுதிகள்வரை கடல் உட்புகுந்திருந்தது. அக்காலத்தை ஒட்டியே இந்த மீன்களும் ஏரிக்கு வந்துசேர்ந்திருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. பின்னர் அவை ஆண்டுதோறும் கடலுக்குப் போய்த் திரும்பினவா, ஏரியிலேயே தங்கிவிட்டனவா என்று நூறாண்டுக்குமேல் வாதம் நடந்தது. அகழ்வாய்வில் கிடைத்த பழைய எலும்புகளையும் அருங்காட்சியகங்களில் இருந்த மீன்களையும் வேதியியல் முறையில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு: இவை கடலுக்குப் போகவே இல்லை. பிறந்தது ஓடையில், வளர்ந்தது ஏரியில். உப்புநீரைத் தொடாமலே பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த கடல்மீன் இனம் அது.

இலையுதிர்காலத்தில் இவை முட்டையிட ஓடைகளுக்குள் ஏறும். பசுபிக் சல்மன்களைப்போல முட்டையிட்டதும் இறந்துவிடாமல், மீண்டும் ஏரிக்குத் திரும்பக்கூடியவை. சிறுகூழாங்கற்களை வாலால் கிளறிக் குழி செய்து முட்டையிடும். முட்டை மாரி முழுவதும் கல்லிடுக்கில் கிடந்து இளவேனிலில் பொரிக்கும். இதற்கு மூன்று விடயங்கள் வேண்டும். ஏறிவர வழி, தூய கூழாங்கல், கோடையிலும் குளிர்ந்த நீர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்த மூன்றையும் ஒரேசமயத்தில் பறித்தது. ஆலை அணைகள் வழியை மறித்தன. மரத்தூள் கூழாங்கல்லை மூடியது. காடு வெட்டப்பட்டதால் ஓடைகள் வெயிலில் சூடேறின. மழைக்குப் பெருக்கெடுத்து, மழை விட்டதும் வற்றின.

அதற்குமுன் இந்த ஓடைவாய்களில் மீன்பிடித்தவர்கள் மிசிசாகா மக்கள். (மிசிசாகா என்றதும் எமக்கு வீட்டு விலையும் மேற்குப்பக்கத்துக் கல்யாண மண்டபங்களும்தான் ஞாபகம் வருகின்றன. அது ஒரு மக்களின் பெயர்.) இலையுதிர்காலத்தில் ஓடைவாய்க்கு வந்து தங்கி, இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் ஈட்டியால் சல்மன் குத்துவார்கள். பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கியபோது இந்த இடங்களில்தான் முதல் மோதல்களும் வந்தன. 1796இல் யோர்க்கில், அதாவது இன்றைய ரொறன்ரோவில், சல்மன் விற்க வந்து கரையோரம் தங்கியிருந்த வபாகினைன் என்ற தலைவர் படைச்சிப்பாய் ஒருவனால் தாக்கப்பட்டு இறந்தார். வழக்கு நடந்தது, சாட்சியம் போதாதென்று சிப்பாய் விடுதலையானான். எமக்குப் பழக்கமான தீர்ப்பு.

மறு ஆண்டு, 1797 டிசம்பர் 14ஆம் திகதி, மேல்கனடாவின் நிர்வாகியாக இருந்த பீற்றர் றஸ்ஸல் ஒரு பிரகடனம் வெளியிட்டார். மிசிசாகா மக்களின் மீன்பிடி இடங்களையும் புதைகுழிகளையும் குடியேறிகள் சேதப்படுத்துவதாக முறைப்பாடுகள் வருகின்றன. இனி அவ்வாறு செய்வோர் தண்டிக்கப்படுவர் என்பது அதன் சாரம். மீன்பிடி இடமும் புதைகுழியும் ஒரே வரியில் வருவதைப் பாருங்கள். இரண்டும் ஒரே காரணத்துக்காகப் பாதுகாப்புத் தேவைப்பட்ட இடங்கள். அந்தப் பிரகடனம் எவ்வளவுதூரம் பயன்பட்டது என்பதை அடுத்த ஐம்பதாண்டுகளில் முளைத்த அணைகளே சொல்லும்.

சட்டங்கள் வந்தன, அது உண்மை. 1807இல் இந்தக் கரையின் மாவட்டங்களுக்கென்றே சல்மனைப் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். ஓடைகளில் வலை போடுவதை அது கட்டுப்படுத்தியது. 1857இல் விரிவான மீன்பிடிச் சட்டமும் மேற்பார்வையாளர்களும் வந்தார்கள். 1868இன் கூட்டாட்சிச் சட்டம், அணைகளில் மீன் ஏறிச்செல்ல வழி வைக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஈட்டியோடு இரவில் ஓடைக்குள் நிற்பவனைப் பிடிப்பது சுலபம். ஆலைக்காரரோ ஊரின் பெரிய மனிதர்; மாவரைக்க எல்லாரும் அவரிடந்தான் போகவேண்டும். அணையை உடை என்று அவரிடம் யார் சொல்வது? ஈட்டியும் வலையும் மீனைக் குறைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. குடியேறிகள் பீப்பாய் பீப்பாயாக உப்பிட்டு விற்றார்கள், முட்டையிட வந்த மீனையே பிடித்தார்கள். ஆனால் பிடித்துக் குறைந்த மீன் சில ஆண்டு விட்டால் திரும்பப் பெருகும். முட்டையிட இடமற்றுப்போன மீன் திரும்பாது. இந்த வேறுபாட்டை அன்றைய சட்டம் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் சாமுவேல் வில்மொற். 1822இல் பிறந்தவர். ஒஷாவாவிலிருந்து கிழக்கே சுமார் 25 கிலோமீற்றரில் உள்ள நியூகாசிலில் விவசாயம் செய்தவர். இவருடைய தகப்பன் நில அளவையாளர். காட்டை அளந்து குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டவர்களுள் ஒருவர். மகனோ அதனால் போனதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். தன் காணியூடாக ஓடிய ஓடையில் சல்மன் அருகிவருவதைக் கண்டு, 1866 அளவில் வீட்டு நிலவறைக்குள் ஓடைநீரை விட்டு மீன்முட்டை பொரிக்கத் தொடங்கினார். பெண்மீனின் வயிற்றைத் தடவிச் சினையை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, தட்டுகளில் பரப்பி, ஓடும் நீரில் வைத்துப் பொரிக்கும் முறை. 1868இல் அரசாங்கம் இதைத் தன் பொறுப்பில் எடுத்தது. வட அமெரிக்காவின் மிக முந்திய மீன்குஞ்சுப் பொரிப்பகங்களுள் நியூகாசில் ஒன்று. 1876இல் வில்மொற் நாடு முழுவதற்குமான மீன்வளர்ப்பு மேற்பார்வையாளரானார்.

இலட்சக்கணக்கில் குஞ்சுகளை விட்டார்கள். முதலில் சில ஆண்டு மீன் கூடியதுபோலத் தெரிந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். பிறகு மீண்டும் குறைந்தது. குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்ட ஓடைகள் அதே ஓடைகள்: அணை இருந்தது, மரத்தூள் இருந்தது, நிழல் இருக்கவில்லை. 1880களின் தொடக்கத்திலேயே, ஒன்ராறியோவின் முன்கரை ஓடைகளில் சல்மனுக்குக் காலம் முடிந்துவிட்டது என்ற பொருள்பட அவரே அறிக்கையில் எழுதினார். தன் வாழ்நாள் வேலை தோற்றதை அரச அறிக்கையில் எழுதிவைத்த உத்தியோகத்தர் எத்தனை பேர் இருப்பார்கள்? 1899இல் அவர் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1898இல், ஏரியின் கடைசிப் பூர்வீக சல்மன் பிடிபட்டதாகப் பதிவு. பிடிபட்ட இடம் ஸ்காபரோக் கரை. நாங்கள் இடியப்பமும் கொத்துறொட்டியும் வாங்கப் போகும் அதே ஸ்காபரோ. நியூகாசில் பொரிப்பகத்தை 1914இல் மூடினார்கள்.

மீன் இல்லாமற்போன பிறகும் மீன்பிடி உரிமை பற்றிய வழக்கு முடியவில்லை. ஒஷாவா நிலம் 1787-88 காலத்து ‘துப்பாக்கிச் சத்த’ உடன்படிக்கைக்குள் வருவது. ஏரிக்கரையில் வெடித்த துப்பாக்கியின் சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு நிலம் என்று பேசிக்கொண்டதாக வாய்வழிச் செய்தி. எல்லை தெளிவில்லாத இந்த ஏற்பாட்டை 135 ஆண்டுகள் கழித்து 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளால் சரிக்கட்டினார்கள். ஸ்கூகொக் தீவு, ஹயவாத்தா, ஆல்டர்வில் உட்பட ஏழு முதற்குடிச் சமூகங்கள் கையெழுத்திட்டன. அதில் நிலத்தோடு வேட்டை, மீன்பிடி உரிமைகளும் போய்விட்டன என்று அரசு வியாக்கியானம் செய்தது. அப்படி எதுவும் தமக்கு விளங்கப்படுத்தப்படவில்லை என்று அந்த மக்கள் சொன்னார்கள். 1985இல் ஹயவாத்தாவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹென்றி ஹவார்ட் என்பவர் ஒட்டனபி நதியில் தடைக்காலத்தில் சில மீன்கள் பிடித்தார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1994இல் அவர் தோற்றார். உரிமை 1923இலேயே கைவிடப்பட்டது என்பது தீர்ப்பு. எங்களில் எத்தனையோ பேர் அந்த ஆண்டுகளில்தான் இந்த நாட்டின் நீதிமன்றங்களையும் விசாரணைச் சபைகளையும் நம்பி அகதி வழக்குப் பேசிக்கொண்டிருந்தோம். இப்படியொரு வழக்கு நடந்ததே எமக்குத் தெரியாது. 2018இல் மத்திய அரசும் ஒன்ராறியோவும் மன்னிப்புக் கேட்டு, நூற்றுப் பதினொரு கோடி டொலர் இழப்பீட்டோடு, பழைய உடன்படிக்கை நிலங்களில் மீன்பிடி, வேட்டை உரிமைகளையும் ஏற்றுக்கொண்டன. அறுவடை உரிமையை அங்கீகரித்தபோது ஓடையில் அறுவடை செய்யப் பழைய சல்மன் இருக்கவில்லை.

அப்படியானால் ஐயா பார்த்த மீன் எங்கிருந்து வந்தது? ரெயின்போ ட்ரவுட் பசுபிக் கரைக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பேரேரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். அது அத்திலாந்திக் சல்மனைப்போல இலையுதிர்காலத்தில் அல்லாமல் இளவேனிலில் முட்டையிடுவது. பனி கரைந்து ஓடை பெருகும் நேரத்தில் ஏறும். சினூக், கோஹோ என்ற பசுபிக் சல்மன்கள் வந்தது 1960களின் இறுதியில். அலைவைவ் என்ற சிறுமீன் அளவுமீறிப் பெருகிக் கோடையில் செத்துக் கரையெல்லாம் நாறியது. அதைத் தின்னப் பெரிய மீன் வேண்டும். மிச்சிகன் மாநிலத்தார் 1966இல் ஒறிகனிலிருந்து வந்த முட்டையைப் பொரித்துக் கோஹோவை விட்டார்கள். அது வெற்றிபெற, நியூயோர்க்கும் ஒன்ராறியோவும் தொடர்ந்தன. இன்று புரட்டாதி மாதத்தில் ஒஷாவா ஓடையில் முதுகு வெளியே தெரிய ஏறும் பெரிய சினூக்கைப் பாலத்தில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அது இந்த ஓடையின் மீன் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் உற்சாகமாகி, “அப்ப இந்த மீனும் எங்களைப்போல புலம்பெயர்ந்ததுதான்” என்றார். கேட்க நன்றாக இருக்கிறது; ஒரு கவிதைக்கு ஆகும். நான் ஏற்கவில்லை. சினூக்கை அரசாங்கம் தன் தேவைக்காகக் கொண்டுவந்தது. பொரிப்பகம் கட்டி வளர்த்தது. அதைப் பிடிக்க வருபவர்களின் பணத்தால் ஊர்கள் பிழைக்கின்றன. எம்மை எவரும் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் மீனின் வரலாறும் கெட்டுவிடும், எமது வரலாறும் கெட்டுவிடும்.

2006இல் அத்திலாந்திக் சல்மனைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி பெரிய அளவில் தொடங்கியது. நோவா ஸ்கோஷியா, மெயின், கியூபெக் நீர்நிலைகளின் வம்சங்களைக் கொண்டுவந்து கிரெடிற் நதி, டஃபின்ஸ் ஓடை, கோபர்க் ஓடை ஆகியவற்றில் விட்டார்கள். பூர்வீக வம்சம் மீளாது. இவை அதன் தூரத்து உறவினர். தானாகப் பெருகும் கூட்டம் இன்னும் உருவாகவில்லை. ஒரு காரணம் விசித்திரமானது. அலைவைவைத் தின்னும் சல்மனுக்குத் தயமின் என்ற விற்றமின் குறைகிறது. அதனால் குஞ்சுகள் சாகின்றன.

இனி எமது இடத்துக்கு வருகிறேன். ஐயா அந்த இளவேனிலிலேயே தூண்டில் வாங்கினார். அறுபத்தைந்து தாண்டியவருக்கு இங்கே மீன்பிடி உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டியதில்லை என்றபோது அவர் நம்பவில்லை. குருநகரில் கடலுக்குப் போகப் ‘பாஸ்’ எடுத்தவர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து எங்கள் கடலில் தடையும் எல்லையும். 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் எங்கள் ஊர்த் தொழிலாளர் முப்பத்தொரு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ஐயா தொழிலுக்குப் போனார். வேறு தொழில் தெரியாது. ஆக, ஒருவரிடமும் கேளாமல் தண்ணீரோரம் நிற்பது அவருக்குப் பெரிய விடயமாக இருந்தது.

ஒருநாள் மேடையில் ஒருவர் என்னைப் பார்த்து, நீங்கள் வந்த பிறகுதான் மீன் இல்லாமல் போகிறது, கண்டதையெல்லாம் வாளியில் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்றார். ஐயாவின் வாளியில் அன்று தண்ணீர் மட்டுமே இருந்தது. ஐயா என்னிடம் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். குளிராயிருக்கு என்று சொல்கிறார் என்றேன்.

அதைத் தனிமனிதரின் துடுக்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் 2007இல் சிம்கோ ஏரிப் பக்கமும் வேறு ஊர்களிலும் இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசிய வம்சாவழியினரைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவது, தூண்டில்களைப் பறித்தெறிவது என்று தொடர் தாக்குதல்கள் நடந்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் சட்டன் ஊருக்கருகே மொஸிங்ரன் பாலத்தில் தொடங்கிய ஒரு தாக்குதல் கார்த் துரத்தலாகி, ஒரு இளைஞர் மூளையில் படுகாயமடைந்தார். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் விசாரணை நடத்தி, 2008இல் அச்சமின்றி மீன்பிடித்தல் என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. வந்தேறிகள் சட்டத்தை மீறி மீனைச் சூறையாடுகிறார்கள் என்ற பேச்சே இத்தாக்குதல்களுக்குச் சாக்காகச் சொல்லப்பட்டது. அன்று ஈட்டிக்காரன், 2007இல் வாளிக்காரன். அணையைக் கட்டியவரின் பெயர் இரண்டு முறையும் வரவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். 1970களின் இறுதியில் ஐயா ஓர் இழுவைப்படகில் பங்கு வைத்திருந்தார். காரைநகரில் நோர்வேக்காரரின் சீநோர் தொழிலகம், இயந்திரப் படகு, நைலோன் வலை என்று எல்லாரும் முன்னேற்றம் பேசிய காலம் அது. குருநகரில் இழுவைப்படகுகள் பெருகின. களங்கட்டி வைத்த பெரியையா ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “அடியை வழிச்சுக்கொண்டு போனால் நாளைக்கு என்னத்தையடா பிடிப்பாய்?” என்று ஏசியது எனக்கு ஞாபகம். சாதாளைப் புல்லோடும் குஞ்சோடும் அள்ளிவந்த வலை அது. ஐயா பதில் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். போர் முடிந்த 2009க்குப் பிறகு தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வந்து வடகடலைச் சுரண்டுகின்றன என்று எங்கள் மக்கள் சொல்வது நியாயம். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் எங்கள் கரையிலும் அந்த வலை இருந்தது, இருக்கிறது. ஆலைக்காரரைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியதற்கு அதுவே காரணம்.

ஐயா இந்த ஏரியைப் படிக்க எட்டு ஆண்டுகள் எடுத்தார். புத்தகம் சொல்வதை நான் சொல்வேன். அவர் தன் கணக்கோடு ஒத்துப்பார்ப்பார். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் கனமானது. இளவேனிலில் கரையோர நீர் அதைத் தாண்டிச் சூடாக, நடு ஏரி அதற்குக் கீழே குளிர்ந்து கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் கீழே அமிழ்ந்து, ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் உண்டாகும். இரைமீன்கள் சுவருக்கு இந்தப்பக்கம் இளஞ்சூட்டில் சேரும். ட்ரவுட்டும் சல்மனும் அவற்றைத் தேடிக் கரைக்கு வரும். சித்திரை மாதத்தில் கரையில் நின்றே பிடிக்க முடிவது அதனால்தான். ஓடைக்குள் ட்ரவுட் பருவம் வழமையாக ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை திறக்கும். அதற்கு முன் ஏரிப்பக்கம் மட்டுமே. கோடையில் மேற்குக்காற்று நாலுநாள் தொடர்ந்தால் வடகரையில் குளிர்ந்த அடிநீர் மேலே வந்துவிடும் என்று நான் வாசித்துச் சொன்னபோது, “கச்சான் எண்டு சொல்லன், இதுக்கு ஏன் புத்தகம்” என்றார். மழை பெய்த மறுநாள் ஓடை கலங்கி ஏரிக்குள் நீளமாக இறங்கும். கலங்கலும் தெளிவும் சேரும் ஓரத்தில் மீன் நிற்கும். “மழைதான் இஞ்சத்தைப் பெருக்கு” என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலில் கேட்ட கேள்விக்கு அவரே தேடிக்கொண்ட விடை.

ஐயா 2008 மாரியில் காலமானார். தமிழ்க் கடையில் இனாமாகத் தந்த தினக்கலண்டரின் தாள்களைக் கிழித்தெறியாமல், பின்பக்கத்தில் குறிப்பெழுதி றப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். மேலே கிடந்த சிலவற்றை இங்கே தருகிறேன். பங்குனி 30: கொண்டல். தண்ணி கையில் பிடிக்கேலாது. சித்திரை 9: மழை விட்டு ஒருநாள். கலங்கல். ஒண்டு, இரண்டு றாத்தல் வரும். சித்திரை 11: கச்சான். ஒண்டுமில்லை. பக்கத்தில நிண்ட சீனாக்காரர் தேத்தண்ணி தந்தவர்.